இளம் பிரசங்கியாரை யார் உருவாக்குவது? – வாசகர் கேள்வி பதில்

மூத்த ஊழியர்கள் இளையவர்களுக்கு உபதேசத்தைக் கையளிக்கும் முறையைப் பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழின் பகுதியை ஒதுக்கியிருக்கிறோம். மியான்மரின் யாங்கூன், தன்லின், பகோ, மோல்மேன், மாண்டலே ஆகிய இடங்களிலிருந்து வந்த கடிதங்களில் சில ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களையும் சபைகளின் பெயர்களையும் வெளியிடவில்லை. நாம் சிறிய சமூகம். தெருப்பெயரைச் சொன்னாலே ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி (யாங்கூன், சபை மூப்பர் ஒருவர்): எங்கள் போதகர் எழுபது வயதைக் கடந்தவர், வேத அறிவிலும் நடக்கையிலும் குறை சொல்ல முடியாதவர். சபையில் மூன்று வாலிபர்கள் பிரசங்க ஊழியத்தில் வாஞ்சையாயிருக்கிறார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டால், "வாரந்தோறும் என் பிரசங்கத்தைக் கேட்கிறார்களே, அதிலேயே கற்றுக்கொள்ளட்டும்; என்னை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை" என்கிறார். கேட்டுக் கற்பது போதாதா?

பதில்: போதாது. பிரசங்கத்தைக் கேட்பவருக்கு வந்து சேர்வது முடிவு மட்டுமே. அந்த வசனத்துக்கு வேறு என்னென்ன விளக்கங்கள் போதகருடைய மனதில் எழுந்தன, அவற்றை அவர் ஏன் தள்ளினார், எந்த இடத்தில் தமக்கே ஐயம் வந்து முந்தின அதிகாரத்தைத் திரும்ப வாசித்தார், சொல்ல ஆசைப்பட்ட எந்தச் செய்தியை வசனம் இடங்கொடாததால் விட்டுவிட்டார் என்பவை பிரசங்க பீடத்திலிருந்து தெரிவதில்லை. ஆகையால் கேட்டு மட்டும் கற்றவர்கள் மூத்தவருடைய குரலையும் கையசைவையும் பிடித்துக்கொள்கிறார்கள். வேதத்தை அவர் கையாளும் ஒழுங்கு அவர்களிடம் வந்து சேர்வதில்லை. ஒரு போதகருடைய தொண்டைச் செருமல் மூன்று தலைமுறைக்கு இறங்கிவந்த சபைகளை நம்மில் பலர் அறிவோம்.

"அநேக சாட்சிகளுக்கு முன்பாக நீ என்னிடத்தில் கேட்டவைகளை மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ள மனுஷர்களிடத்தில் ஒப்புவி" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார் (2 தீமோத்தேயு 2:2). இதை எழுதியவர், எழுதுவதற்கு முன்பே செய்துகாட்டியவர். லீஸ்திராவில் தீமோத்தேயுவைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். பெரோயாவில் கலகம் எழுந்தபோது அவரைச் சீலாவோடு அங்கே விட்டுச் சென்றார். பிறகு தெசலோனிக்கேயரைத் திடப்படுத்தும்படி அவரைத் தனியே அனுப்பினார். அதன்பின்தான் எபேசுவில் வேற்றுமையான உபதேசங்களைப் போதிப்பவர்களுக்குக் கட்டளையிடும் பொறுப்பை அவர் கையில் கொடுத்தார். உடன் அழைத்துச் செல்வது, துணையோடு விடுவது, தனியாக அனுப்பித் திரும்பி வந்ததும் செய்தி கேட்பது ஆகிய எல்லாம் அதில் இருந்தன. தீமோத்தேயு பவுலுடைய பிரசங்கங்களைக் கேட்டது உண்மைதான்; ஆனால் கேட்டதோடு நின்றுவிடவில்லை.

தமிழ்த் திருச்சபையின் சொந்த வரலாறும் இதையே காட்டுகிறது. தஞ்சாவூரில் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயர் சத்தியநாதன் என்பவரை உபதேசியாராகப் பல ஆண்டுகள் தம் மேற்பார்வையில் வைத்திருந்து, பாளையங்கோட்டைச் சபைக்கு அனுப்பிப் பழக்கிய பிறகே அவருக்கு 1790இல் குருப்பட்டம் கிடைத்தது. அந்நாளில் சத்தியநாதன் தமிழில் செய்த பிரசங்கம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1792இல் லண்டனில் அச்சேறியது. மூத்தவர் இருந்த காலத்திலேயே இளையவருடைய போதனை, கடல் கடந்த அந்நியர்களும் வாசித்துச் சோதிக்கும்படி வெளியே வைக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

"என்னை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை" என்று உங்கள் போதகர் சொன்னதில் மனவருத்தம் இருக்கிறது; அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1964-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகி நம்மவர்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறியபோது, உபதேசியார்களும் ஆசிரியர்களும் அவர்களோடு போனார்கள். 1965இல் மிஷன் பள்ளிகள் அரசுடைமையாயின. அடுத்த ஆண்டில், சுதந்திரத்துக்குப் பின் வந்திருந்த வெளிநாட்டு மிஷனெரிகளும் வெளியேற நேர்ந்தது. எஞ்சிய தமிழ்ச் சபைகளைத் தாங்கிப்பிடித்த வாலிபர்களுக்கு ஒரு பழைய வேதாகமமும் ஞானப்பாட்டுப் புத்தகமும் தவிர வேறு துணை அதிகம் இல்லை. அந்தத் தலைமுறை தனியே நின்று கற்றது. ஆனால் நெருக்கடியில் நேர்ந்த குறைவை முறையாக ஆக்கிவிட முடியாது.

என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு வழியைச் சொல்கிறேன். வார நடுவில் ஒரு நாள் மாலை போதகரும் அந்த மூவரும் வேதாகமத்தைத் திறந்து வைத்து ஒன்றாக உட்காரட்டும். அடுத்து பிரசங்கிக்கப்போகும் பகுதியை இளையவர் ஒருவர் எடுத்துக்கொண்டு, அதிகாரம் முழுவதையும் உரக்க வாசித்து, யார் யாருக்கு எந்த நிலைமையில் சொன்னது என்பதைத் தம் வார்த்தையில் சொல்லட்டும். போதகர் உடனே விளக்கத் தொடங்காமல், "இதை நீ எந்த வசனத்திலிருந்து எடுத்தாய்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அந்த ஒரு கேள்வியே பாதிப் பயிற்சி.

எடுத்துக்காட்டாக எரேமியா 29:11-ஐப் பாருங்கள். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற அந்த வசனம் நம் வீட்டுச் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் இருக்கிறது. புதிய பிரசங்கியார் இதை எடுத்தால், வேலை கிடைக்கும், விசா கிடைக்கும், இந்த ஆண்டே வாசல் திறக்கும் என்று பேசிவிடுவது எளிது. மூத்தவர் அவரை ஒரு வசனம் பின்னே போகச் சொல்ல வேண்டும்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று பத்தாம் வசனம் சொல்கிறது. இன்னும் பின்னே போனால், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்ற கட்டளைகள் இருக்கின்றன. அதற்கும் முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவர் நிற்கிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் சபை நடுவே கர்த்தருடைய பெயரால் சொன்னவர் அவர். மக்களுக்கு அவருடைய செய்தி இனித்திருக்கும். எரேமியாவோ, ஜனங்கள் பொய்யை நம்பும்படி செய்தாய் என்று அவரிடமே சொன்னார். அந்த ஆண்டிலேயே அனனியா இறந்துபோனார். அப்படியானால், பதினோராம் வசனத்தை மட்டும் பிரித்தெடுத்து உடனடி விடுதலையாகப் பிரசங்கிக்கிறவர் எரேமியாவின் வசனத்தை வைத்துக்கொண்டு அனனியாவின் செய்தியைச் சொல்கிறார் என்று ஆகிறது. இதை மூத்தவர் சொல்லித்தர வேண்டியதில்லை; இரண்டு அதிகாரங்களையும் வாசிக்கவைத்துக் காத்திருந்தால் இளையவரே கண்டுபிடிப்பார். கண்டுபிடித்தவர் மறக்க மாட்டார். மேலும், வெளியேறிப் போகவும் முடியாமல் முழுவதும் வேரூன்றவும் முடியாமல் தலைமுறைகளாக இந்நாட்டில் வாழும் நம் சபைக்கு, அந்தக் கடிதத்தின் உண்மையான செய்தி அனனியாவின் செய்தியைவிட எவ்வளவு பொருத்தமானது என்பதும் அவருக்குத் தெரியவரும்.

பிரசங்கம் முடிந்தபின் அதைப் பற்றிப் பேசுவது அவசியம். ஆனால் ஆராதனை முடிந்து ஜனங்கள் கைகொடுக்கும் வாசலில் வைத்துப் பேச வேண்டாம். இரண்டு நாள் கழிந்து, நல்லதை முதலில் சொல்லி, திருத்த வேண்டியதை வசனத்தைக் காட்டிச் சொல்லலாம். போதகர் தம்முடைய குறிப்பேட்டையும் அதே மேசையில் வைத்து, "என் பிரசங்கத்தில் வசனம் சொல்லாததை நான் சொன்னேனா, பாருங்கள்" என்று கேட்கத் துணிந்தால், பெரோயாவில் இருந்தவர்கள் பவுலின் போதனையையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த நற்குணத்தை அந்த மூவரும் அவரிடமே கற்றுக்கொள்வார்கள்.

கேள்வி (தன்லின், இளம் ஊழியர் ஒருவர்): நான் எழுதிக் கொடுக்கும் பிரசங்கத்தை மூத்த போதகர் முழுவதும் மாற்றி எழுதித் தருகிறார், பீடத்தில் நின்று வாசிக்கும்போது அது என் பிரசங்கமாக இருப்பதில்லை. அண்மையில், தசமபாகம் கொடாதவர்கள் சாபத்துக்கு உட்பட்டவர்கள் என்று மல்கியாவிலிருந்து சேர்த்து எழுதியிருந்தார். எனக்கு அது சரியாகத் தோன்றவில்லை. பெரியவரை எதிர்த்துப் பேசுவது முறையா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு காரியங்கள் கலந்திருக்கின்றன. அவர் மாற்றி எழுதுவது வழக்கத்தைச் சேர்ந்தது. சாபத்தைப் பற்றிய வாக்கியம் உபதேசத்தைச் சேர்ந்தது. முதலாவதில் விட்டுக்கொடுக்கலாம். முன்னுரையை எப்படித் தொடங்குவது, எந்தப் பாட்டைச் சொல்வது, எவ்வளவு நேரம் பேசுவது போன்றவற்றில் பெரியவர் சொன்னபடி செய்வதால் உங்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை, பலமுறை லாபம்தான். ஆயினும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இளையவருடைய தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஓரத்தில் குறிப்பெழுதிக் கொடுங்கள், புதிய தாளில் நீங்களே எழுதிக் கொடுத்தால் அவருக்குக் கிடைப்பது ஒரு பிரசங்கம் மட்டுமே.

இரண்டாவது காரியத்தில் உங்கள் தயக்கம் நியாயமானது என்பதே என் கருத்து. மல்கியாவின் அந்த வார்த்தை, ஆலயத்தின் பண்டசாலைக்குத் தசமபாகம் கொண்டுவரும்படி நியாயப்பிரமாணத்தின் கீழ் உடன்படிக்கை செய்திருந்த ஜனத்துக்குச் சொல்லப்பட்டது. கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து நம்மை மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் சொல்லும்போது, விசுவாசியைக் காணிக்கைக்காக அதே சாபத்தைக் காட்டிப் பயமுறுத்துவது பொருந்தாது. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, மனதில் நியமித்தபடி கொடுக்கவே அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதினார். பத்தில் ஒன்று கொடுப்பது நல்ல ஒழுங்கு என்று போதிக்கலாம்; கொடாதவர் சபிக்கப்பட்டவர் என்பது வேறு. சபையில் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் பீடத்தில் நிற்பவர் மறக்கக் கூடாது.

எப்படிச் சொல்வது? முதிர்வயதுள்ளவரைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனைப்போல எண்ணிப் புத்திசொல்லும்படி அதே தீமோத்தேயுவுக்கே எழுதப்பட்டிருக்கிறது. தனியே போய், கலாத்தியரைத் திறந்து வைத்து, "ஐயா, இந்த வசனத்தையும் மல்கியாவையும் நான் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது?" என்று கேளுங்கள். அது உபாயமல்ல, உங்களுக்கு உண்மையிலேயே விடை தேவைப்படுகிறது. அவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால், அந்த வாக்கியத்தை மட்டும் தவிர்த்துப் பிரசங்கிக்க அனுமதி கேளுங்கள். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாக எதிர்த்தார் என்பதை இளைஞர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். அங்கே புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிடுவதை விட்டு விலகிய பேதுருவின் செய்கை வெளியரங்கமாக நடந்தது, பர்னபாவும் இழுப்புண்டார், சுவிசேஷத்தின் சத்தியமே அதில் அடங்கியிருந்தது. ஒவ்வொரு கருத்து வேறுபாடும் அந்தியோகியா ஆகிவிடாது.

கேள்வி (மாண்டலே, வாசகி ஒருவர்): 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்களிடம் வந்த இளம் பிரசங்கியார், இது இந்த நகரத்தின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பேசினார். வீட்டை இழந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டாமா?

பதில்: சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கே. மற்றப் பிழைகளுக்கு இரண்டு நாள் பொறுக்கலாம் என்று மேலே எழுதினேன். துக்கத்தில் இருப்பவர்கள்மேல் விழுந்த வார்த்தைக்கு அந்தப் பொறுமை கூடாது. ஆராதனை முடியுமுன் ஒரு மூப்பர் எழுந்து ஜெபம் செய்யும்போதே, இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நாங்கள் நினைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பிரசங்கியாருடைய பெயரைச் சொல்லாமலே அதைச் செய்ய முடியும்.

அளவையில் 7.7 ஆகப் பதிவான அந்த நடுக்கத்தில் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விகாரைகளும் பள்ளிவாசல்களும் ஆலயங்களும் வேறுபாடின்றிச் சேதமடைந்தன. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மாண்டதைப் பற்றி நம் கர்த்தர் பேசியபோது, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரைப்பார்க்கிலும் அவர்கள் குற்றவாளிகளாயிருந்தார்களென்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்று தாமே விடையும் சொன்னார் (லூக்கா 13). தொடர்ந்து, மனந்திரும்பாமற்போனால் நீங்கள் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்றார். அந்த எச்சரிக்கை கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குரியது. இறந்தவர்களைப் பற்றிய தீர்ப்பு அதில் இல்லை. இளம் பிரசங்கியார் எச்சரிக்கையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முந்தின வாக்கியத்தை விட்டுவிட்டார்.

அவரைத் தனியே அழைத்து யோபின் புத்தகத்தைத் தொடக்கம் முதல் கடைசிவரை வாசிக்கச் சொல்லுங்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தவரை அவர்கள்மேல் குற்றமில்லை. வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபின்தான், நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்ற கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள். 2008 மே மாதத்தில் நர்கிஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தை அழித்தபோது ஊழியம் செய்துகொண்டிருந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்போது எந்தப் பிரசங்கம் காயப்பட்டவர்களைத் தாங்கியது, எது ஆலயத்தை விட்டே போகச் செய்தது என்பது அவர்களுக்குத் தெரியும். அதை இளையவர்களுக்குச் சொல்லாமல் மனதிலேயே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

கேள்வி (மோல்மேன், ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர்): எங்கள் பிள்ளைகள் பர்மியப் பள்ளியில் படித்தவர்கள், தமிழ் பேசுவார்கள், வேதாகமத் தமிழை வாசிக்கத் திணறுவார்கள். பெரிய போதகருக்கோ பர்மிய வேதாகமம் பழக்கமில்லை. இருவருக்கும் நடுவே உபதேசம் எப்படிக் கடந்து போகும்?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தபோது, நம் சபைகளின் எதிர்காலத்தைப் பற்றிய மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதுவே பெரியது என்று தோன்றியது.

தமிழ் ஆராதனையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மொழியைக் காப்பதற்காக உபதேசத்தை விளங்காத நிலையில் விடக் கூடாது. எஸ்றாவின் நாட்களில் லேவியர் நியாயப்பிரமாண புஸ்தகத்தை வாசித்து, அர்த்தஞ்சொல்லி, ஜனங்களுக்கு விளங்கப்பண்ணினார்கள் என்று நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் படிக்கிறோம். நம் கையில் இருக்கும் இரண்டு வேதாகமங்களும் நீண்ட உழைப்பின் பலன்கள். 1813இல் ரங்கூனில் (இன்றைய யாங்கூனில்) வந்திறங்கிய அமெரிக்க மிஷனெரி ஜட்சன் பர்மிய வேதாகமத்தின் மொழிபெயர்ப்பை 1834இல்தான் முடித்தார்; முடித்தபின்னும் திருத்திக்கொண்டேயிருந்து 1840இல் திருத்திய பதிப்பை வெளியிட்டார். 1871இல் வந்த தமிழ் ஐக்கியப் பதிப்போ பலருடைய உழைப்பைச் சேர்த்து உருவானது. ஆகவே ஒன்றை மற்றொன்றுக்குப் போட்டியாக வைக்காமல் இரண்டையும் மேசைமேல் வையுங்கள். ஒரே அதிகாரத்தைப் பெரியவர் தமிழிலும் இளையவர் பர்மியத்திலும் வாசித்து, வாசித்ததைத் தம் தம் சொந்த வார்த்தையில் மற்றவருக்குச் சொல்லட்டும். இரண்டும் வேறுபடுவதுபோலத் தோன்றும் இடத்தில் அவசரப்பட்டு உபதேசம் கட்ட வேண்டாம். அருகிலுள்ள பர்மிய அல்லது கரேன் சபையின் சயாவிடமோ (போதகரிடமோ), இன்செயினில் உள்ள இறையியல் கல்லூரியில் படித்தவரிடமோ கேளுங்கள். கேட்பதால் தமிழ்ச் சபையின் மரியாதை குறைந்துவிடாது.

இன்னொரு வழியும் உண்டு. இதையே நான் மிகவும் விரும்புகிறேன். பெரியவர் தமிழில் பிரசங்கிக்க, இளையவர் பக்கத்தில் நின்று பர்மியத்தில் பெயர்த்துச் சொல்லட்டும். விளங்காத ஒன்றை யாராலும் பெயர்த்துச் சொல்ல முடியாது. எனவே சனிக்கிழமை மாலையே அவர் போதகர் வீட்டுக்கு வந்து, நாளைக்கு நீதிமானாக்கப்படுதலைப் பற்றி என்ன சொல்லப்போகிறீர்கள், கிருபைக்கும் இரக்கத்துக்கும் நீங்கள் காட்டும் வேறுபாடு என்ன என்று கேட்கத் தொடங்குவார். பெரியவரும் பழக்கத்தில் சொல்லிவந்த வாக்கியங்களை உடைத்து விளக்க வேண்டியதாகும். இருவருக்கும் பயிற்சி. மின்சாரம் இல்லாத மாலைகளில் மெழுகுவர்த்தியோ சோலார் விளக்கோ போதும். இதற்குக் கருவிகள் வேண்டியதில்லை.

கேள்வி (பகோ): யூடியூபிலும் பேஸ்புக்கிலும் தமிழகப் பிரசங்கியார்களின் செய்திகளைக் கேட்டு அப்படியே ஒப்பிக்கும் இளைஞர்களைத் தடுக்கலாமா?

பதில்: கேட்பதைத் தடுக்க வேண்டாம், தடுத்தாலும் நிற்காது. ஒருவரிடத்திலிருந்து ஒருவர் கர்த்தருடைய வார்த்தையைத் திருட்டுத்தனமாய் எடுக்கிறவர்களுக்கு அவர் விரோதமானவர் என்று எரேமியா 23 சொல்வதை மட்டும் காட்டுங்கள். பிறகு அந்தச் செய்தியை ஒன்றாக உட்கார்ந்து கேட்டு, பேசியவர் வசனத்தை எங்கே சரியாகக் கையாண்டார், எங்கே தம் அனுபவத்தை வசனத்தின் இடத்தில் வைத்தார் என்று பிரித்துப் பார்க்கப் பழக்குங்கள். சென்னையில் பேசப்பட்ட உவமைகள் பகோவின் சபையாருக்கு விளங்காமல் போவதைக் கண்டபின் பாதிப்பேர் தாமாகவே நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி (யாங்கூன், வேதபாட ஆசிரியை): மூத்தவர் இளையவரைப் பழக்குவது என்றாலே ஆண்களைப் பற்றியே பேசுகிறோம். எங்களுக்கு இதில் இடமில்லையா?

பதில்: பெண்கள் பீடத்தில் பிரசங்கிப்பதைப் பற்றி நம் சபைகளுக்குள்ளே ஒருமித்த கருத்து இல்லை, உங்கள் சபையின் ஒழுங்கை இந்தப் பக்கத்திலிருந்து நான் தீர்க்க முடியாது. உங்கள் கேள்வி அதைவிட விரிவானது. வாக்குவல்லமையுள்ள அப்பொல்லோ எபேசுவில் தைரியமாய்ப் பேசினார். ஆனால் யோவானுடைய ஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விவரித்துக் காட்டினார்கள். அவரைத் திருத்தியவர்களில் ஒருவர் பெண் என்பதை லூக்கா மறைக்கவில்லை. அவரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்திக் கேள்வி கேட்டதாகவும் எழுதவில்லை. தீமோத்தேயுவுக்கும் பவுல் வருமுன்பே லோவிசாள் என்ற பாட்டியும் ஐனிக்கேயாள் என்ற தாயும் இருந்தார்கள். இன்று பிரசங்கிக்கும் வாலிபர்களில் எத்தனைபேர் உங்கள் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொன்னவர்கள் என்று எண்ணிப்பாருங்கள். அவர்களுடைய பிரசங்கத்தில் பிழை கண்டால் அழைத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, சொல்லுங்கள்.

கேள்வி (தன்லின், சபைக் குழு உறுப்பினர்): புதிதாக மனந்திரும்பிய ஒருவர் அனல் பறக்கப் பேசுகிறார், ஜனங்கள் அவரையே கேட்க விரும்புகிறார்கள். எவ்வளவு காலம் காத்திருக்கச் செய்யலாம்?

பதில்: வேதம் ஆண்டுக்கணக்குச் சொல்லவில்லை. இறுமாப்படையாதபடிக்குக் கண்காணியானவர் நூதன சீஷனாயிருக்கக் கூடாது என்றும், ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. சபை நடத்தும் பொறுப்புக்கும் சாட்சி சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம்.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கரேன் மக்களின் முதல் சுவிசேஷகர் என்று அறியப்படும் கோ தா பியூ, கொள்ளையும் கொலையும் செய்த முன்வாழ்வை உடையவர். ஜட்சன் அவருடைய கடனைத் தீர்த்துத் தம் வீட்டிலே வைத்துப் போதித்தார். எளிதில் அடங்காத கோபக்காரரான அவர் ஞானஸ்நானம் பெறுமுன் நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. மிஷனெரி போர்ட்மனோடு தாவாய்க்குப் போனபின், 1828 மே மாதத்தில் அங்கே ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் பெற்றபின் அவரை யாரும் கட்டிவைக்கவில்லை. தம் ஜனங்களிடம் போய்த் தாம் அறிந்ததைச் சொன்னார். சபைகளை ஒழுங்குபடுத்திப் போதிக்கும் வேலையில் மற்றவர்கள் அவரோடு நின்றார்கள். அறிந்தது சிறிதாயிருந்தாலும் அதைச் சொல்ல விட்டார்கள். அறியாததைப் போதிக்கும் பொறுப்பை அவர்மேல் சுமத்தவில்லை.

தையற்கடையில் புதிதாகச் சேர்ந்தவரிடம் பொத்தானும் ஓரத்தையலும் கொடுப்பார்கள். வாடிக்கையாளருடைய துணியை வெட்டும் கத்தரியை உடனே கொடுக்க மாட்டார்கள். அதுபோல உங்கள் சகோதரருக்கு வீட்டு ஜெபக்கூட்டத்தில் சாட்சியையும், மருத்துவமனைச் சந்திப்பில் ஒரு சங்கீத வாசிப்பையும், வாலிபர் கூட்டத்தில் சிறிய தியானத்தையும் கொடுங்கள். திருத்தத்தை எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்று பாருங்கள். அவருடைய பேச்சைவிட அது அதிகம் சொல்லும். ஜனங்கள் விரும்புகிறார்கள் என்பதைக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காதுக்கு இனிப்பானதையே கேட்க விரும்பும் செவித்தினவைப் பற்றி 2 தீமோத்தேயு நான்காம் அதிகாரம் சொல்வது பிரசங்கியாரைவிடச் சபையாரைப் பற்றியே. அதே சமயம், முப்பது வயதைக் கடந்த திறமைசாலியை மூத்தவரின் பொறாமையால் நோட்டீஸ் வாசிக்கவே வைத்திருக்கும் சபைகளும் உண்டு. அங்கே காத்திருப்பு என்ற பெயருக்குள் ஒளிந்திருப்பது வேறு காரியம்.

கேள்வி (யாங்கூன்): காலமான போதகருடைய பிரசங்கக் குறிப்பேடுகள் குடும்பத்தாரிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இளம் ஊழியர்கள் அவற்றைப் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. குளிர்காலத்துக்குமுன் வரும்போது புஸ்தகங்களையும் விசேஷமாய்த் தோற்சுருள்களையும் கொண்டுவரும்படி பவுலே கேட்டிருக்கிறார். குடும்பத்தாரின் அனுமதியோடு வேதாகமப் புத்தகங்களின் வரிசைப்படி அடுக்கி, மழைக்காலத்துக்குமுன் பிளாஸ்டிக் உறையிலிட்டுச் சபை அலமாரியில் வையுங்கள்; கரையானுக்குக் கற்பூர உருண்டை போதாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வெயில் காட்ட வேண்டும். இளையவர்கள் ஒரு பகுதியைத் தாங்களாகவே படித்துத் தங்கள் குறிப்பை எழுதி முடித்தபின் அவருடைய குறிப்பைத் திறந்து ஒப்பிடட்டும். சொந்த விவரங்களும் சபையாரின் ரகசியங்களும் எழுதப்பட்ட பக்கங்கள் இருந்தால், அவற்றைக் குடும்பத்தாரே முதலில் பிரித்தெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.